சோலார் போடும் முன் கரண்ட் பில்லை எடுத்து வையுங்கள்

இரண்டு மாத ரீடிங் 400 யூனிட்டைத் தாண்டாத வீடா உங்களுடையது? அப்படியானால் மொட்டைமாடியில் சோலார் போட அவசரம் வேண்டாம். நான் இப்படிச் சொல்வதால் என்னோடு வேலை செய்கிற சோலார் கம்பெனிக்காரர்களுக்கே கோபம் வருகிறது. நான் தாம்பரம் பக்கம் பல வருஷமாக ஒயரிங் வேலை பார்ப்பவன். செம்பாக்கம், மாடம்பாக்கம், சேலையூர், மேடவாக்கம் என்று சுற்றிச் சுற்றி இதே ஊர்கள்தான். கொஞ்ச காலமாக எனக்கு வருகிற போனில் பாதி சோலார் பற்றித்தான். "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "கடைசி ஆறு பில் இருக்கா?"

உதவிக்குக் குறைச்சல் இல்லை. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் மானியம் தருகிறது. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், நீங்கள் வாங்கும் கரண்டிலிருந்து மாடியிலிருந்து வெளியே அனுப்பும் கரண்டைக் கழித்துக் கணக்குப் போட உதவும் நெட் மீட்டர் வைத்துத் தருகிறது. வங்கி கடன் தருகிறது. சென்னை மாநகராட்சி 2023இல் ஒரு காலநிலைச் செயல் திட்டம் வெளியிட்டு, 2050க்குள் நகரம் வெளியிடும் கார்பனை ஈடுகட்டிச் சமன் செய்வோம் என்று எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் சென்னை மாநகராட்சியில் இருந்தாலும் சரி, தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளில் இருந்தாலும் சரி, ஊராட்சியில் இருந்தாலும் சரி, மானியமும் மீட்டரும் ஒன்றுதான். ஆனால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இவர்களில் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தர மாட்டார்கள். அதை நாம்தான் செய்ய வேண்டும். பில்லும் ஒரு பேனாவும் போதும்.

பில் கணக்கு

நம் ஊர்க் கட்டணம் படிக்கட்டு மாதிரி. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் வந்த விலைப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீடு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30 கட்டுகிறது. 500ஐத் தாண்டிவிட்டால் 2.35 என்கிற சலுகைப் படியே மறைந்துவிடும். 101இலிருந்து 400 வரை எல்லாம் 4.70 ஆகிவிடும். மேலே 501 முதல் 600 வரை ரூ.8.40, 800 வரை ரூ.9.45, 1000 வரை ரூ.10.50, அதற்கும் மேல் ரூ.11.55.

500 யூனிட் ஓடிய வீட்டின் பில் ரூ.1,805. அதே வீடு 510 யூனிட் ஓட்டினால் ரூ.2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினால்தான் பலருக்கு நம்பிக்கை வருகிறது.

சோலார் உங்கள் பில்லில் மேல் படியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வரும். அதனால் முதல் கிலோவாட் மிச்சம் பிடிக்கிற பணமும் நாலாவது கிலோவாட் மிச்சம் பிடிக்கிற பணமும் ஒன்றல்ல. சென்னையில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட்.

ஏசி இரண்டு ஓடும் வீடு ஒன்று, இரண்டு மாதத்துக்கு 900 யூனிட். பில் ரூ.5,820. அங்கே 1 கிலோவாட் போட்டால் பில் ரூ.3,447 ஆகும், மிச்சம் ரூ.2,373. இரண்டாவது கிலோவாட் இன்னும் ரூ.2,146 குறைக்கும். மூன்றாவது ரூ.1,113 குறைக்கும். அத்தோடு பில் ரூ.188க்கு வந்துவிடும். நாலாவது கிலோவாட் குறைப்பது அந்த 188 ரூபாயைத்தான். அதற்கு அரை லட்சத்துக்கும் மேல் செலவு செய்யச் சொல்லி ஒருவர் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்.

இப்போது 380 யூனிட் வீட்டைப் பாருங்கள். பில்லே ரூ.1,081தான். 1 கிலோவாட் போட்டால் ரூ.987 மிச்சம், இரண்டாவது கிலோவாட்டால் வெறும் ரூ.94. மானியம் போக 2 கிலோவாட்டுக்குக் கையிலிருந்து 80,000 ரூபாய் போட்டால், அந்தப் பணம் திரும்பி வரப் பன்னிரண்டு வருஷம் ஆகும். இந்த வீட்டுக்காரரிடம் 3 கிலோவாட்டுக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். "மானியம் முழுசாக் கிடைக்கும் சார்" என்பதுதான் அவர்கள் சொன்ன ஒரே காரணம்.

ஆறு பில்லையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மே, ஜூன் பில்லை மட்டும் பார்த்தால் 1,200 யூனிட் இருக்கும், டிசம்பரில் அதே வீடு 500 யூனிட் காட்டும். வருஷச் சராசரிதான் சரி. அடுத்த வருஷம் பையன் கல்யாணம், மேலே ஒரு ரூம், இன்னொரு ஏசி, மின்சார ஸ்கூட்டர் என்று நிச்சயமான செலவு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஒருவேளை" என்பதையெல்லாம் சேர்க்காதீர்கள். மீந்த யூனிட்டைப் போர்டுக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் வாங்குகிற விலை அதற்குக் கிடைக்காது.

பேனலுக்கு முன்னால் ஃபேன்

500க்கும் 600க்கும் நடுவில் ஊசலாடுகிற வீடுகள்தான் எங்கள் பக்கம் அதிகம். இவர்களுக்கு நான் முதலில் சொல்வது சோலார் அல்ல, குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். புதுசு 30 வாட். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றுகிற ஃபேன் ஒன்றை மாற்றினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் குறையும். படுக்கையறை, ஹால் இரண்டையும் மாற்றினால் 80. 520 யூனிட் ஓடிய வீடு 440க்கு வரும், பில் ரூ.2,208இலிருந்து ரூ.1,427 ஆகும். இரண்டு ஃபேனும் ஆறாயிரத்துக்குள் முடிந்துவிடும். இந்த அளவுக்கு வேகமாகப் பணத்தைத் திருப்பித் தருகிற சோலார் கிடையாது.

கீசரையும் பாருங்கள். 2 கிலோவாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சென்னை வெயிலில் டேங்க் தண்ணீரே வெந்நீராக வரும் மாதத்திலும் பழக்கதோஷத்தில் ஸ்விட்ச் போடுகிற வீடுகள் உண்டு. பதினைந்து வருஷப் பழைய ஃபிரிட்ஜ், நாள் முழுக்க ஓடி ஓடி நிற்கிற போர் மோட்டார், இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு வருகிற பில்லை வைத்துத்தான் கிலோவாட் முடிவு செய்ய வேண்டும். முதலில் சோலார் போட்டுவிட்டுப் பிறகு ஃபேன் மாற்றினால், தேவைக்கு மேல் பேனல் வாங்கியிருப்பீர்கள்.

மாடி ஏறிப் பாருங்கள்

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். நிழல்தான் முக்கியம். காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை மூன்றரை, இந்த நேரங்களில் மாடிக்குப் போய், தண்ணீர் டேங்க் நிழல், மாடிப்படி அறையின் நிழல், பக்கத்து வீட்டுத் தென்னை நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். பேனல்களை ஒன்றோடொன்று தொடராக இணைப்பார்கள். அதில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்கப் பாதிக்கப்படலாம். டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், நிழலும் நீளும். அதனால் ஜூன் மாதத்தில் பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்று சொல்லிவிட முடியாது. தெற்கே ஒட்டி இரண்டு மாடி உயரமாக வீடு இருந்தால் நான் நேராகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். காலி மனையாக இருந்தால் அங்கே வீடு வர எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

பேனல் தெற்கு நோக்கி, சுமார் 13 டிகிரி சாய்வாக இருந்தால் நல்லது. சென்னை இருப்பது அந்த அட்சரேகையில்தான். கிழக்கு மேற்காகப் போட்டாலும் கொஞ்சம் குறையுமே தவிரக் குடி முழுகிவிடாது.

அடுத்தது தளம். ஸ்டாண்டு நட்டு வைக்கத் தட்டோட்டைத் துளைத்துப் போல்ட் இறக்குகிறேன் என்பார்கள். அடுத்த ஐப்பசியில் கீழ் அறையில் ஒழுகும். கான்கிரீட் கட்டை வார்த்து அதில் ஸ்டாண்டை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது கைப்பிடிச் சுவரை ஒட்டித் தூண் எழுப்பச் சொல்லுங்கள். ஏழெட்டு அடி உயரத்தில் ஸ்டாண்டு போட்டால் கீழே துணி காயப்போடலாம், வடகம் பிழியலாம், நிழலும் கிடைக்கும். செலவு கூடும், காற்றுக்கும் அதிகம் தாங்க வேண்டும். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்தவன் நான். ஜிங்க் பூச்சு உள்ள இரும்பா, எத்தனை மில்லிமீட்டர் கனம், எவ்வளவு காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டது என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள். கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உப்புக் காற்று முதலில் தின்பது போல்ட்டைத்தான்.

மழைநீர்க் குழாய் வாய்களையும் கவனியுங்கள். 2003இல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய ஊர் இது; 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது அதன் அருமையும் தெரிந்தது. கான்கிரீட் கட்டையைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓடும் வாட்டத்தில் வைத்து, மாடியில் குளம் கட்டி நிற்கிற வீடுகளைப் பார்க்கிறேன். வாட்டம் எந்தப் பக்கம் என்று வேலை தொடங்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிக் காட்டிவிடுங்கள்.

விண்ணப்பம்

மானியம் இப்படி: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான். எங்கள் பக்கம் 3 கிலோவாட்டுக்கு ரூ.1.8 லட்சத்திலிருந்து 2.1 லட்சம் வரை கேட்கிறார்கள். 2 லட்சம் என்று வைத்தால் உங்கள் பங்கு 1.22 லட்சம். மேலே சொன்ன 900 யூனிட் வீட்டுக்கு வருஷம் 33,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் என்பதால் நாலு வருஷத்துக்குள் போட்டது வந்துவிடும்.

முதலில் மின் இணைப்பு யார் பெயரில் என்று பாருங்கள். காலமான அப்பா பெயரிலேயே இருக்கும் சர்வீஸ்கள் எக்கச்சக்கம். பெயர் மாற்றத்தை முடித்துவிட்டு வாருங்கள். விண்ணப்பம், வங்கிக் கணக்கு, ஆதார் மூன்றிலும் பெயர் ஒத்துப்போனால் மானியம் சிக்கலில்லாமல் வரும். கீழ் வீட்டுக்கு ஒன்று, மேல் வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு சர்வீஸ் இருந்தால் சோலார் ஒரு சர்வீஸில்தான் சேரும். அதிக யூனிட் ஓடுகிற சர்வீஸைத் தேர்ந்தெடுங்கள். வாடகைக்கு விட்ட மேல் வீட்டில் ஏசி ஓடி, கீழே நீங்கள் 300 யூனிட்டில் இருந்தால், உங்கள் சர்வீஸில் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. மேல் வீட்டு சர்வீஸில் சேர்த்து வாடகையில் பேசிக்கொள்ளலாம்.

சூர்ய கர் இணையதளத்தில் மாநிலம், மின் நிறுவனம், நுகர்வோர் எண், மொபைல் எண் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் விண்ணப்பம். 10 கிலோவாட் வரை டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்ற ஆய்வெல்லாம் இப்போது தேவையில்லை. 2024 பிப்ரவரியில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோதே அதை எடுத்துவிட்டார்கள். 3 கிலோவாட் வரை சிங்கிள் ஃபேஸிலேயே வேலை முடியும். ஐந்து, ஆறு என்று போனால் த்ரீ ஃபேஸ் பேச்சு வரும், அதற்குத் தனிச் செலவு.

விற்பனையாளரைத் தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் போட்டால் மானியம் கிடையாது. மூன்று பேரிடம் விலை வாங்குங்கள். விலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது. பேனல் உள்நாட்டுச் செல்லில் உள்நாட்டில் செய்ததா என்பது முதல் கேள்வி, டி.சி.ஆர். என்பார்கள், மானியத்துக்கு அதுதான் நிபந்தனை. பேனலின் டி.சி. கரண்டை வீட்டுக்கு வேண்டிய ஏ.சி. கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு எத்தனை வருஷ வாரண்டி, கேபிள் செம்பா, எத்தனை எர்த் குழி, மின்னல் தாங்கி உண்டா, இதெல்லாம் இரண்டாவது. பேனலுக்கு 25 வருஷம் என்று சொல்வது உற்பத்தித் திறனுக்கான வாரண்டி. பொருளே கெட்டுப்போனால் மாற்றித் தரும் வாரண்டி அதைவிடக் குறைவு. இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஐந்து வருஷப் பராமரிப்பு இந்தத் திட்டத்திலேயே அடங்கியது, அதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் சோலார் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய கணக்கில் போட்ட விலைப்பட்டியல் வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். ஒரு பகுதியை நெட் மீட்டர் ஓடும் வரைக்கும் கையில் வைத்திருங்கள். மாடம்பாக்கத்தில் ஒரு பெரியவர் பேனல் ஏறிய அன்றே மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் பையன் போனே எடுக்கவில்லை. பேனல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது, மீட்டர் விண்ணப்பம் நகரவே இல்லை. கடைசியில் வேறொருவரைப் பிடித்துக் காகிதத்தை நகர்த்தினோம்.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடுகிற பொது சர்வீஸுக்குத் தனிக் கட்டணம். 2022இல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் ஆனது, பிறகு இன்னும் ஏறியது. லிஃப்ட் இல்லாத, பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள் இருக்கும் சிறிய கட்டடங்களுக்கு மட்டும் 2023 கடைசியில் குறைத்தார்கள். குடியிருப்புச் சங்கங்களுக்குச் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு ரூ.18,000 மானியம் உண்டு. ஆனால் அங்கே பிரச்சினை மொட்டைமாடி யாருடையது என்பதுதான். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பொது சர்வீஸுக்கு எந்த வகை மீட்டர் என்பதைச் செக்ஷன் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு விலைக்குப் போங்கள்.

வேலை நடக்கும் நாள்

3 கிலோவாட் என்றால் 540 வாட் பேனல் ஆறு. ஒரு நாளில் ஏற்றிவிடுவார்கள், ஸ்டாண்டுக்குக் கூட ஒன்றிரண்டு நாள். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். நான் போய் நின்றால் பார்ப்பது நாலு இடம்.

எர்த் குழி மூன்று: பேனல் பக்கத்துக்கு ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து ஏ.சி. கரண்ட் வெளிவரும் பக்கத்துக்கு ஒன்று, மின்னல் தாங்கிக்கு ஒன்று. மூன்றையும் ஒரே குழியில் முறுக்கிவிடுவது நடக்கிறது. குழி தோண்டும்போது போட்டோ எடுங்கள்.

இன்வெர்ட்டர் எங்கே மாட்டுகிறார்கள் என்பது இரண்டாவது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினால் கேபிள் மிச்சம் என்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தளத்தை என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முதல் மாடியில், வெயில் நேராக அடிக்காத, காற்று வருகிற சுவரில் மாட்டச் சொல்லுங்கள். படுக்கையறைச் சுவருக்கு வெளியே வேண்டாம், சில மெஷின்களில் விசிறி இரையும்.

மாடியிலிருந்து இறங்கும் டி.சி. கேபிள் பைப்புக்குள் வர வேண்டும். வெயிலில் திறந்து தொங்கக் கூடாது. இணைப்பிகளை அதற்கான கருவியால் இறுக்குகிறார்களா, சாதாரணக் குறட்டாலா என்று பாருங்கள். தீப்பிடிப்பது பெரும்பாலும் தளர்ந்த இணைப்பில்தான் ஆரம்பிக்கும்.

நாலாவது, வீட்டின் பழைய ஒயரிங். இருபத்தைந்து வருஷ வீட்டில் நியூட்ரலும் எர்த்தும் கலந்து கிடக்கும். அதைச் சரிசெய்யாமல் சோலார் சேர்த்தால் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று போகும், கம்பெனிக்காரர் உங்கள் ஒயரிங்கைக் குறை சொல்வார், நீங்கள் அவரைக் குறை சொல்வீர்கள்.

இன்னொன்று, எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்வது. போர்டு லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்தாலும் சரி. கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் உங்கள் மாடிக் கரண்டால் அடிபடக் கூடாது என்பதற்காக அது தானாகவே விட்டுவிடுகிறது. கரண்ட் போனாலும் ஓட வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், விலை எங்கேயோ போய்விடும். அடிக்கடி கரண்ட் போகாத நம் ஊரில் பழைய யுபிஎஸ் போதும் என்பது என் அபிப்பிராயம்.

வேலை முடிந்ததும் விவரங்களைத் தளத்தில் ஏற்றி, நெட் மீட்டருக்கு விண்ணப்பிப்பார்கள். பதினைந்து நாளில் மீட்டர் மாற்றி இணைத்துத் தர வேண்டும் என்பது விதி. ஆய்வு முடிந்து சான்றிதழ் வந்த பிறகு வங்கி விவரம் கொடுத்தால் மானியம் நேராகக் கணக்கில் ஏறும். மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று எந்த விற்பனையாளராவது சொன்னால் அவர் வேறு எங்கோ கணக்கை ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம். மானியம் வருவது உங்கள் கணக்குக்கு.

ஓட ஆரம்பித்த பிறகு

புது மீட்டரில் இரண்டு எண் மாறி மாறி ஓடும். ஒன்று நீங்கள் வாங்கியது, மற்றது நீங்கள் அனுப்பியது. முதல் பில் வரும்போது இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி, செல்லில் உள்ள இன்வெர்ட்டர் ஆப் காட்டும் உற்பத்தியோடு ஒப்பிடுங்கள். உற்பத்தியில் அனுப்பியதைக் கழித்தால் வருவது, பகலில் நீங்களே நேராகப் பயன்படுத்தியது. கணக்கு உதைத்தால் உடனே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாரும் நோட்டைத் தேட மாட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் உற்பத்தி படுத்துவிடும். பயப்பட வேண்டாம், பிப்ரவரியிலிருந்து ஏறும். மே மாதத்தில் வெயில் கொளுத்துகிறதே, பிய்த்துக்கொண்டு ஓடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. சூடு ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் குறையும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில் கழுவுங்கள். உச்சி வெயிலில் சுடுகிற கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு படியும். மெட்ரோ தண்ணீரோ மழைநீரோ இருந்தால் அது, இல்லையென்றால் போர் தண்ணீரில் கழுவி ரப்பர் வைப்பரால் உடனே இழுத்துவிடுங்கள். சோப்பு, நார் எதுவும் வேண்டாம். பேனல் மேல் ஏறி நிற்கவே கூடாது.

நெட் மீட்டர் இருப்பதால் பகலில் மோட்டார் போட்டாலும் ராத்திரி போட்டாலும் உங்கள் பில் ஒன்றுதான். ஆனாலும் துணி துவைக்கும் மெஷின், மோட்டார், மாவு அரைப்பது, ஸ்கூட்டர் சார்ஜ் இதெல்லாம் பகலில் முடித்துக்கொள்ளச் சொல்வேன். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. சூரியன் இறங்கியதும் பேனல்கள் ஓய்வெடுக்கும், ஏசிகள் ஓய்வெடுக்காது. நிலக்கரிதான் ஈடுகட்ட வேண்டும். அந்த நிலக்கரியின் சாம்பல் வந்து விழுகிற இடங்களில் ஒன்று எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம். தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அது கண்ணில் படாது, அங்கே இறால் பிடிக்கிறவர்களுக்குத் தினமும் படும். சென்ட்ரல் ஸ்டேஷன் கூரையில் 1.5 மெகாவாட் போட்டுப் பகல் தேவையைச் சமாளிக்கிறார்கள், 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. இதெல்லாம் பெரிய வேலை. மாவு அரைப்பதையும் மோட்டாரையும் பகலுக்கு மாற்றுவது நம் கையில் இருக்கிறது, காசும் செலவில்லை.

ஒப்பந்தம், பேனல்களின் சீரியல் எண், இன்வெர்ட்டர் வாரண்டி அட்டை, சான்றிதழ், எர்த் குழி போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். பழைய மீட்டரைக் கழற்றும்போது அதில் இருந்த கடைசி ரீடிங்கையும் ஒரு போட்டோ எடுத்து அந்த ஃபைலிலேயே சேர்த்துவிடுங்கள், முதல் பில்லில் தகராறு வந்தால் கேட்பது அதைத்தான்.